கருத்தரிப்பதற்கு முன் சாப்பிட்ட சோறு

1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அந்நகரின் ஏழைப் பெண்கள் பலர், முக்கியமாக நெசவாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள், கருவுற்றிருக்கும்போது ஒருவகைக் கடும் ரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். காரணத்தைத் தேடுவது வில்ஸுக்குத் தரப்பட்ட பணி. வழக்கமான ரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும். இரும்புச்சத்து கொடுத்தால் தேறிவிடும். இந்தப் பெண்களின் சிவப்பணுக்களோ முதிர்ச்சியடையாமல் பருத்துக் கிடந்தன. வில்ஸ் அவர்களுடைய வீட்டு அடுப்பைக் கவனித்தார். காய், பழம், புரதம் எல்லாமே குறைந்த சாப்பாடு. அடுத்த ஆண்டு குன்னூரில் இருந்த பாஸ்டர் நிறுவனத்துக்குத் தன் ஆய்வை மாற்றிக்கொண்டார். ராபர்ட் மெக்காரிசன் அங்கே உணவூட்ட ஆராய்ச்சியை நடத்திவந்தார். பம்பாய்ப் பெண்கள் சாப்பிட்டது போன்ற உணவை எலிகளுக்கும் பிறகு குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார் வில்ஸ். 1931-இல் சென்னை திருவல்லிக்கேணியில், இன்றும் முதியவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மகளிர் மருத்துவமனையில் வேலை செய்தார்.

தீர்வு மலிவான ஒரு பொருளில் கிடைத்தது. மார்மைட் என்ற பெயரில் கடைகளில் விற்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் நோயுற்ற குரங்கு தேறியது. அதே சாறு கர்ப்பிணிகளையும் தேற்றியது. 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை அவர் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது எது என்று அன்று யாருக்கும் தெரியாததால் ‘வில்ஸ் காரணி’ என்று பெயர் வைத்தார்கள். 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1940-களின் நடுவில் அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய லெடர்லி நிறுவனக் குழுவை வழிநடத்தியவர் எல்லாபிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

உணவுக்கும் மரபணுவுக்கும் என்ன உறவு என்ற கேள்வியை இந்த ஒரு சத்தை வைத்தே நெடுந்தூரம் பின்தொடரலாம். அந்த உறவில் இன்று உறுதியாகத் தெரிந்தவற்றுள் ஒரு முக்கியப் பகுதி, ஃபோலிக் அமிலத்தை உள்ளடக்கிய ஃபோலேட்டையும் அதன் துணைவனான வைட்டமின் பி12-ஐயும் சுற்றியே இருக்கிறது. நம் பகுதிப் பெண்களின் உடலில் அடிக்கடி குறைவாகவோ சமனில்லாமலோ இருப்பவையும் இவையே.

ஃபோலேட் உடலில் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை டி.என்.ஏ-வைக் கட்டுவது. அதன் எழுத்துகளுள் ஒன்றைத் தயாரிக்க ஃபோலேட் கட்டாயம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் செல் பெருக நினைத்தும் பிரிய முடியாமல் தவிக்கும். எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு நொடி புதுச் செல்கள் பிறந்தாக வேண்டும். எனவே பற்றாக்குறை முதலில் அங்கேதான் தெரியும். வில்ஸ் நுண்ணோக்கியில் கண்ட பருத்த சிவப்பணுக்கள் பிரிய முடியாமல் நின்றுபோன செல்களின் வாரிசுகள். சுப்பாராவின் குழு இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தியது. ஃபோலேட்டைப் போலவே தோற்றமளித்து அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள்களை உருவாக்கியது. கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுச் செல்களை அவற்றால் சிறிது காலம் ஒடுக்க முடியும் என்று 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் காட்டினார். புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் முறையின் தொடக்கங்களில் அது ஒன்று.

இரண்டாவது வேலை மரபணுவை எப்படித் தொடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவே இந்தக் கட்டுரையின் மையம். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மிகச் சிறிய அமைப்புக்கு மீத்தைல் குழு என்று பெயர். ஃபோலேட் இதை ஏந்திச் சென்று பி12-இடம் ஒப்படைக்கும். பி12 அதை ஹோமோசிஸ்டீன் என்ற பொருளோடு சேர்க்க, மெத்தியோனின் உருவாகும். அதிலிருந்து சாம் என்று சுருக்கிச் சொல்லப்படும் மூலக்கூறு பிறக்கும். உடலில் எங்கெங்கே மீத்தைல் குழு தேவையோ அங்கெல்லாம் சாம் அதைக் கொடுத்துவிட்டுப் போகும். அது போய்ச் சேரும் முகவரிகளில் ஒன்று டி.என்.ஏ.

மனித உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ-தான் இருக்கிறது. புரதத்தை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. ஆனாலும் கல்லீரல் செல்லும் நரம்புச் செல்லும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. எந்த மரபணு எந்த இடத்தில், எவ்வளவு செயல்படவேண்டும் என்பதில்தான் வேறுபாடு. இந்தச் செயல்பாட்டைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் மீத்தைல் குழுக்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். டி.என்.ஏ-வின் எழுத்து வரிசை சற்றும் மாறாது. செல் பிரியும்போது இந்த மீத்தைல் குறியும் சேர்ந்தே அடுத்த செல்லுக்குப் போகும். எழுத்து மாறாமல் செயல் மாறும் இந்த வழிகளைப் படிக்கும் துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர். மீத்தைல் குழு உணவிலிருந்து வருகிறது என்பதால் அந்தக் குறியிடலில் தட்டில் உள்ளதற்கும் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது.

உணவு மரபணுவோடு பேசும் வழி இது ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. மிக எளிய உயிர்களில்கூட அப்பேச்சு நடக்கிறது. குளுக்கோஸ் தீர்ந்து லாக்டோஸ் மட்டும் மிஞ்சும்போது குடல் பாக்டீரியா தன் மரபணுக்களுள் சிலவற்றை விழிக்கவைத்து லாக்டோஸை உடைக்கும் நொதியைத் தயாரிக்கும் என்பதை பிரான்சுவா ஜேக்கபும் ஜாக் மோனோவும் 1961-இல் விளக்கினார்கள். மரபணுக் கட்டுப்பாடு என்ற கருத்தே உணவைப் பற்றிய ஒரு கேள்வியிலிருந்துதான் பிறந்தது. மனித உடலில் வைட்டமின் ஏ-யும் டி-யும் தத்தம் ஏற்பிப் புரதங்களோடு சேர்ந்து நேரே டி.என்.ஏ-வில் உட்கார்ந்து மரபணுக்களை இயக்குகின்றன. கொழுப்பு அமிலங்கள் கல்லீரலில் தம்மை எரிப்பதற்கான மரபணுக்களைத் தாமே தூண்டுகின்றன. செல்லில் கொலஸ்ட்ரால் குறைந்தால் அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் முடுக்கப்படும். மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் கண்ட இந்த ஏற்பாட்டின்மீதுதான் இன்றைய ஸ்டாட்டின் மாத்திரைகள் வேலை செய்கின்றன. தவிட்டிலும் கீரையிலும் பயறிலும் உள்ள நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது பியூட்ரேட் என்ற அமிலம் கிடைக்கிறது. டி.என்.ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குறிகளை அகற்றும் நொதிகளை அது தடுத்துநிறுத்துகிறது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் நம் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேகம் கூடிக் குறைகிறது.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விரதம் இருந்தால் ஒரு மாதிரி, விருந்துக்குப் பிறகு வேறு மாதிரி. அந்தந்த வேளைக்கு உடல் தன்னைச் சரிசெய்துகொள்வது ஆரோக்கியத்தின் அடையாளம். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைக்குரியது நிலைத்து நின்றுவிடும் குறி. அது எப்போது நிலைக்கும்? வளர்ந்தவரின் உடலில் குறிகள் பெரும்பாலும் உறுதியாகிவிட்டன. கருவுற்ற முதல் சில நாள்களில் நிலைமை வேறு. விந்திலிருந்தும் சினைமுட்டையிலிருந்தும் வந்த மீத்தைல் குறிகளில் பெரும்பகுதி அப்போது அழிக்கப்பட்டு, கருப்பையில் கரு ஒட்டும் காலத்தையொட்டிப் புதிதாக எழுதப்படுகிறது. தாயின் ரத்தத்தில் அந்த வாரம் என்ன சத்து இருந்ததோ அதை வைத்துத்தான் இந்த எழுத்து வேலை நடந்தாக வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியது ஒரு சுண்டெலி. அகூட்டி மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் கொண்ட அந்த எலிகள் மஞ்சள் நிறமாகவும் பருமனாகவும் இருக்கும். நீரிழிவும் புற்றும் எளிதில் வரும். அதே மரபணுவில் மீத்தைல் குறி படிந்தால் எலி பழுப்பு நிறத்தில் ஒல்லியாக வளரும். 2003-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வாட்டர்லேண்டும் ராண்டி ஜெர்ட்டிலும் தாய் எலிகளுக்குக் கருத்தரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டைன் ஆகியவற்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். குட்டிகளில் பழுப்பு நிறத்தவை அதிகமாயின. மரபணு எழுத்தில் வேறுபாடே இல்லாத குட்டிகள் தாய் தின்றதை ஒட்டி நிறத்திலும் உடற்கட்டிலும் மாறின. தேனீக் கூட்டில் ராணியும் வேலைக்காரியும் ஒரே மரபணுத் தொகுதியுடன் பிறந்து உணவால்தான் பிரிகின்றன என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. மீத்தைல் குறி போடும் நொதியைப் புழுப் பருவத்தில் அடக்கினால் ராணிக்குரிய சிறப்பு ஊட்டம் இல்லாமலேயே பல புழுக்கள் ராணியின் சாயலில் வளர்கின்றன என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எலியும் தேனீயும் மனிதர் ஆகா. கர்ப்பிணிகளைப் பட்டினி போட்டுச் சோதனை செய்ய எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை. அந்தச் சோதனையைப் போர் செய்துவிட்டது.

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்கு உதவும்பொருட்டு நெதர்லாந்தின் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் பதிலுக்கு மேற்கு மாகாணங்களுக்குப் போன உணவு வண்டிகளை நிறுத்தினார்கள். தடை ஓரளவு தளர்ந்தபோது கடும் பனியில் கால்வாய்கள் உறைந்துவிட்டிருந்தன, படகும் ஓடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான ரேஷன் நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போயிற்று. பிப்ரவரி இறுதியில் 600 கலோரிக்கும் கீழே. மக்கள் துலிப் பூக் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்தது. சில வாரங்களில் உணவும் வந்தது.

வேறு பஞ்சங்கள் பலவற்றை இப்படி நுணுகிப் படிக்க முடிந்ததில்லை. இந்தப் பஞ்சத்துக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தெளிவாக இருக்கின்றன. அதற்கு முன்னும் பின்னும் மக்கள் போதுமான அளவு சாப்பிட்டார்கள். ரேஷன் கணக்கும் பிறப்புப் பதிவுகளும் அழியாமல் இருந்தன. ஆகவே ஒரு குழந்தை கருவில் எந்த மாதத்தில் பட்டினியைச் சந்தித்தது என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது. ராணுவச் சேர்க்கைக்கு வந்திருந்த 19 வயது இளைஞர்கள் 3 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட முடிவின்படி, கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினியைச் சந்தித்தவர்களிடம் பருமன் கூடுதலாக இருந்தது. கடைசி மாதங்களிலும் பிறந்த பின்னும் சந்தித்தவர்களிடம் பருமன் குறைவாக இருந்தது. அதே பட்டினி, காலம் மாறியதும் எதிரெதிர் விளைவுகள். பிறகு வந்த ஆய்வுகளில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு, ஸ்கிசோஃப்ரினியா வாய்ப்பு சுமார் இரு மடங்கு என்று பட்டியல் நீண்டது.

2008-இல் லைடன் பல்கலைக்கழகத்தின் பாஸ்டியான் ஹெய்மன்ஸ், எல்மார் டோபி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல். எச். லூமி ஆகியோரின் குழு ரத்தத்துக்குள் பார்த்தது. பஞ்சத்தின்போது கருவான 60 பேரை அவர்களின் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே குடும்பம், ஒரே பால். ஒருவர் மட்டும் பஞ்சத்தில் கருவானவர். கரு வளர்ச்சியை இயக்கும் ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவின் ஒரு பகுதியில் பஞ்சக் குழந்தைகளுக்கு மீத்தைல் குறி சுமார் 5 விழுக்காடு குறைவாக இருந்தது. அதற்குள் அவர்களுக்கு ஏறத்தாழ 60 வயதாகிவிட்டிருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் போதிய உணவு சாப்பிட்டிருந்தாலும் குறி அப்படியே இருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் இந்த மாற்றம் இல்லை.

இந்த முடிவை முதன்முதலில் வாசித்தபோது எனக்குள் எழுந்தது வியப்பைவிடத் துயரம்தான். ஒரு தாய் தான் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே, ஆக்கிரமிப்பு ஆட்சியினர் போட்ட ஆணை அவள் குழந்தையின் செல்களில் பதிந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டு நிலைத்துவிட்டது.

ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இதற்குப் போரே வேண்டியிருக்கவில்லை. பருவகாலம் போதுமானதாக இருந்தது. கெனெபா என்ற ஊரில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல பத்தாண்டுகளாக மக்களின் உணவையும் பிறப்பு இறப்புகளையும் பதிந்துவருகிறது. அங்கே மழைக்காலம்தான் பசிக்காலம்: பழைய அறுவடை தீர்ந்திருக்கும், புதியது வந்திருக்காது, வயலில் வேலை மட்டும் உச்சத்தில் இருக்கும். கலோரி குறைகிறது, ஆனால் மழையில் கீரை தழைப்பதால் ஃபோலேட் கூடுகிறது. வாட்டர்லேண்ட், ஆண்ட்ரூ பிரென்டிஸ் முதலியோர் 2010-இலும் 2014-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், மழைக்காலத்தில் கருவான குழந்தைகளின் சில மரபணு இடங்களில் மீத்தைல் குறி கூடுதலாக இருந்தது. கருவான காலத்தில் தாயின் ரத்தத்தில் இருந்த சத்துகளின் அளவும் அதோடு ஒத்துப்போயிற்று. பட்டினி என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தச் சத்தில் பட்டினி என்று கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. மேலே சொன்ன வேறுபாடுகள் சில விழுக்காடு அளவிலானவை. அளந்தது ரத்தச் செல்களை. கல்லீரலிலோ கணையத்திலோ அதே குறி இருக்கிறதா என்று உயிருள்ள மனிதரிடம் எளிதில் பார்க்க முடியாது. குறிக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதால் குறிதான் நோயை வரவழைத்தது என்று ஆகிவிடாது. டச்சுப் பஞ்சக் குழந்தைகளின் எடைக்கும் ரத்தக் கொழுப்புக்கும் மீத்தைல் குறிகள் இடைக்கண்ணியாக இருக்கலாம் என்று 2018-இல் அதே குழு வாதிட்டது. அந்தப் பஞ்சத்தில் எல்லாக் கருக்களும் பிழைக்கவில்லை. பிழைத்தவை தொடக்கத்திலேயே வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்ற எதிர்வாதமும் அந்தத் துறைக்குள்ளேயே உண்டு. கெனெபாவில் பசிக்காலத்தில் பிறந்தவர்கள் இளவயதில் இறக்கும் வாய்ப்பு பத்து மடங்கு வரை கூடுதல் என்று 1997-இல் கண்டார்கள். வங்காளதேசத்தின் மத்லபில் அதைத் தேடியபோது கிடைக்கவில்லை. பாட்டி பட்ட பட்டினி பேரனின் மரபணுவில் குறியாக இருக்கிறது என்று மேடைகளில் பேசுவோர், மனிதரைப் பொறுத்தவரை அதற்கான சான்று மிக மெலிதானது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இந்த எச்சரிக்கைகளோடு நம் பக்கம் வருவோம்.

புனேயின் கே.இ.எம். மருத்துவமனையில் நீரிழிவு மருத்துவராக இருந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. மேலைநாட்டு நூல்களின்படி நீரிழிவு பருமனானவர்களுக்கு, வயதானவர்களுக்கு வரும் நோய். அவரிடம் வந்தவர்களோ இளையவர்கள், ஒல்லியானவர்கள். 1993-இல் புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் மணமான பெண்களைக் கருவுறும் முன்பிருந்தே பின்தொடரத் தொடங்கினார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எல்லாமே அதே விகிதத்தில் சிறுத்திருந்தால் ஒன்றுமில்லை. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருக்க, தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லிக் குழந்தைக்குள் ஒளிந்திருந்தது கொழுத்த உடல். 2004-இல் அவரும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2.

அந்தக் கிராமத்துப் பெண்களில் பெரும்பாலோர் மரக்கறி உணவினர், அல்லது புலால் எப்போதாவது சாப்பிடுகிறவர்கள். மூன்றில் இருவருக்கு பி12 குறைவு. பி12 தாவரத்தில் கிடையாது. ஈரல், மீன், முட்டை, பால், தயிர் என்று விலங்கு வழியாகத்தான் வரவேண்டும். ஃபோலேட்டோ அவர்களுக்குப் போதிய அளவு இருந்தது. உணவிலிருந்தும் வந்தது, கர்ப்பக் கால மாத்திரையிலிருந்தும் வந்தது. 2008-இல் வந்த முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. தாய்க்கு ஃபோலேட் மிகுந்தும் பி12 மிகக் குறைந்தும் இருந்தால், குழந்தைக்கு ஆறு வயதில் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

மேலே சொன்ன மீத்தைல் பாதையை நினைவில் வைத்தால் இது புரியும். ஃபோலேட் கொண்டுவந்த மீத்தைல் குழுவை வாங்கிக்கொள்ள பி12 இல்லாவிட்டால், ஃபோலேட் இறக்க இடமில்லாத சுமையோடு அங்கேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு ஃபோலேட் கொடுத்தாலும் சாம் தேவையான அளவு உருவாகாது, ஹோமோசிஸ்டீன் தேங்கும். ஒன்றைக் கூட்டி மற்றதை மறந்தால் சமநிலை இன்னும் குலையும். புனே ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டியது, காரணத்தை மெய்ப்பிக்கவில்லை. ஆகவே ஃபோலிக் அமிலத்தை விட்டுவிடலாம் என்று யாரும் இதிலிருந்து முடிவெடுக்கக் கூடாது. மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய் மூடாமல் குழந்தை பிறக்கும் பெருங்கேட்டை, ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் அது 72 விழுக்காடு குறைத்தது என்று 1991-இல் பிரிட்டனின் பெரிய சோதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. அந்தக் குழாய் கருவான 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்கள் நாள் தள்ளிப்போனதைக் கவனித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அந்தக் கெடு முடிந்துவிடுகிறது.

இவ்வளவு நுட்பமான, பொறுமையான ஆய்வுகளின் பெயரைச் சொல்லித்தான் இன்று எச்சிலை அனுப்பினால் உங்கள் மரபணுவுக்கேற்ற உணவுப் பட்டியல் தருகிறோம் என்று நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகின்றன. மரபணு வேறுபாட்டால் ஒரே உணவு இருவருக்கு வேறுவேறாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஃபீனைல்கீட்டோனூரியாவோடு பிறந்த குழந்தைக்குச் சாதாரணப் புரதமே மூளையைக் கெடுக்கும். தகுந்த உணவு கொடுத்தால் நன்றாக வளரும். ஃபோலேட் பாதையின் ஒரு நொதியில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு, ஃபோலேட் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் மற்றவர்களைவிட எளிதில் ஏறும். ஆனால் உடல் எடையைக் குறைப்பதுபோல நூற்றுக்கணக்கான மரபணுக்களும் வாழ்க்கைச் சூழலும் பின்னிக்கிடக்கும் ஒன்றில் இரண்டு மூன்று மரபணு வேறுபாடுகளைப் பார்த்து வழிசொல்ல இன்னும் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னரின் குழு 609 பேரை 12 மாதம் பின்தொடர்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா, யாருக்கு எது பொருந்தும் என்பதை மரபணு வகை முன்கூட்டிச் சொல்லவில்லை.

மாத்திரை வடிவில் சத்தைக் கொட்டுவோருக்கும் ஒரு பழைய பாடம் காத்திருக்கிறது. காய்கறி அதிகம் உண்போருக்கு நுரையீரல் புற்று குறைவு. ஆகவே பீட்டா கரோட்டினைத் தனியே கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் சோதித்தார்கள். 1994-இல் வெளிவந்த முடிவின்படி, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடுதலாக வந்திருந்தது. மஞ்சளின் குர்குமின் நூறு மரபணுக்களை மாற்றுகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வராத வாரம் இல்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லில் அது நடக்கக்கூடும். ஆனால் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, பல சோதனைகளில் பொய்யான முடிவுகளையும் காட்டக்கூடியது என்று வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாக எழுதினார்கள். குழம்புக்கு மஞ்சள் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நோய்க்கு மருந்தாக அதை விற்பதில்தான் உண்டு.

எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான். மரபணுவையும் உணவையும் பற்றி இத்தனை ஆண்டு ஆராய்ச்சி கண்டது பணம் உள்ள தனிமனிதருக்கான ஒரு மெனுவை அன்று. அது கைகாட்டுவது கருத்தரிக்கப்போகும் ஏழைப் பெண்ணின் தட்டை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் அதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 6,500 பெண்களில் ஒரு பாதியினருக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்து பிரசவம்வரை தினமும் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த பலகாரம். மறு பாதியினருக்குச் சத்துக் குறைந்த காய்கறிகளில் செய்த பலகாரம். ரமேஷ் பொத்தார், கரோலின் ஃபால் முதலியோர் 2014-இல் முடிவை வெளியிட்டபோது, மொத்தமாகப் பார்த்தால் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே பலகாரத்தைத் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. கர்ப்பக் கால நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 7.3-ஆகக் குறைந்தது. மாத்திரையே இல்லை, வெறும் கீரை வடையும் பழமும் பாலும் போன்ற உணவு. மிக மெலிந்த பெண்களிடம் எடைப் பயன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்; அவர்களின் உடல் தன் பற்றாக்குறையை முதலில் நிரப்பிக்கொள்ளும்போலும். அவர்களுக்குச் சில மாதம் போதாது, இளம்பருவத்திலிருந்தே நல்ல உணவு வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிச் சிறுமிகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குத் தினமும் சிவப்பு மாத்திரை. இரண்டிலும் இருப்பது இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். பி12 இல்லை. சத்துணவில் ஒரு முட்டை இருக்கிறது. பி12-ம் கோலினும் அதில் கிடைக்கின்றன. முட்டை சாப்பிடாத பிள்ளைக்குத் தயிரோ பாலோ ஈடாகக் கிடைக்கிறதா, படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போன பதினாறு வயதுப் பெண்ணுக்கு விடுதிச் சாப்பாட்டில் என்ன கிடைக்கிறது என்ற கேள்விகளை உணவூட்டத் துறையினர் கேட்டாக வேண்டும். யாஜ்னிக்கின் குழு 2012-இல் தொடங்கிய சோதனையில் புனேக் கிராமங்களின் இளம்பருவத்தினருக்குத் திருமணத்துக்கு முன்பிருந்தே பி12 கொடுத்து, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் பின்தொடர்ந்தது. மாத்திரையில் இரண்டு மைக்ரோகிராம் பி12-ஐச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. நம் பொது சுகாதாரத் துறை இதை இங்கே ஒரு மாவட்டத்திலாவது முறையாகச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளி முடித்து மணமாகும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராத பெண்களிலிருந்து தொடங்கவேண்டும்.